பஞ்சு வைத்த வாயும் பதினோரு மணிக் கச்சேரியும்

“வாய் நிறையப் பஞ்சத் திணிச்சுட்டு, கையில ஊசியோட நின்னு கேட்டா, அதுக்குப் பேரு சம்மதமா டாக்டர்?”

“நீங்க தலைய ஆட்டினீங்க மேடம்.”

“வலியில ஆட்டினேன்!”

“வலின்னா பக்கவாட்டுல ஆட்டுவாங்க. நீங்க மேலயும் கீழயும் ஆட்டினீங்க. இத்தனை வருஷமா பல்லு பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

பல் டாக்டரின் உள்ளறையிலிருந்து வந்த சத்தம் இது. வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் வைத்திருந்த கையை எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டோம். எனக்கு அன்றைக்குப் பல்வலி பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் ஒரு சண்டை நடக்கப்போகிறது என்று தெரிந்தும் போகாமல் இருந்தால், பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எதற்கு அந்தக் குழப்பம் என்று முன்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் பல் பிடுங்குவது பிழைப்புக்கு. எங்கள் தெருக்கோடி இசைக்கூடத்தில் வருடா வருடம் இசை விழா நடத்துவது வீம்புக்கு. விழாச் செயலாளர் அவர்தான். யாரிடமாவது மனம் நோகிற செய்தி சொல்ல வேண்டியிருந்தால் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அந்த ஆள் பல்லுக்கு வரும்வரை பொறுத்திருப்பார். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே கண்ணாடியை விட்டபிறகு மெதுவாகச் சொல்வார். போன வருடம் வயலின்காரருக்கு இடமில்லை என்று ஆனது அப்படித்தான். பாவம், அவர் கத்த நினைத்தபோது வாய் மரத்துப் போயிருந்தது.

இந்த முறை நாற்காலியில் மாட்டிக்கொண்டது பெரிய பாட்டு. எங்கள் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் வீட்டுக்காரரின் தங்கையும் பாடுவாள். அவள் சின்னப் பாட்டு. ஒரே வீடு, ஒரே சமையலறை, இரண்டு தொண்டை. இருவருக்கும் பியானோ வாசிக்க ஒரே ஆள்.

விழாவின் கடைசி நாளில் இரண்டு பாட்டுக் கச்சேரி உண்டு. காலை பதினோரு மணிக்கு ஒன்று, ஊர் அடங்கிய பிறகு ஒன்று. மேடையில் பாடுகிறவரும் பியானோக்காரரும் மட்டும். பகல் கச்சேரி என்றால் ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள், கைக்குழந்தைக்காரிகள் வருவார்கள், இருமல் மிட்டாய்க் காகிதத்தை ஒருத்தர் பிரித்து முடிப்பதற்குள் இன்னொருத்தர் ஆரம்பிப்பார். பாட்டெல்லாம் பறவை, ஓடை, வசந்தம். ராத்திரிக் கச்சேரி வேறு ஜாதி. ஒரே ஒரு விளக்கு, கறுப்பு உடை, பாட்டெல்லாம் நிலா, பிரிவு, சாவு. கடைசிப் பாட்டுக்குள் பாட்டில் வருகிற எல்லாரும் செத்திருப்பார்கள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன சுகம், என்ன சுகம்” என்று வீட்டுக்குப் போவார்கள்.

இத்தனை வருடமும் ராத்திரி பெரிய பாட்டுக்கு, பகல் சின்னப் பாட்டுக்கு. இந்த வருடம் டாக்டர் மாற்றிவிட்டார்.

“பட்டப்பகல்ல பாட நான் என்ன தபால்காரியா?” என்று பெரிய பாட்டு பஞ்சைத் துப்பிவிட்டுக் கேட்டாள். “எந்தச் சிறுக்கி இத உங்க காதுல ஓதினா?”

“நான்தான் அண்ணி” என்றபடி சின்னப் பாட்டு எனக்கு அடுத்த நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நல்ல பெண்.

“நீயாடி?”

“பின்ன என்ன அண்ணி? பகலெல்லாம் மழலையர் பள்ளியில முப்பது உருப்படிய மேய்க்கிறேன். விழாவுல மேடையேறினா அங்கயும் குழந்தைதான் அழுவுது. போன வருஷம் நான் குயில் மாதிரி இழுக்கறேன், முன் வரிசையில ஒரு வாண்டு மூக்கு ஒழுகிட்டு நிக்குது. நான் பாட்ட நிறுத்திட்டு அதுக்கு மூக்கு சிந்தி விட்டேன். பழக்க தோஷம். எனக்கும் ஒரு தடவ கறுப்பு கவுன் போட்டுக்கிட்டு, அழாத ஜனங்களுக்கு முன்னாடி பாடணும்னு ஆசை இருக்காதா?”

“ராத்திரில எல்லாரும் அழுவாங்கடி! அதுக்குத்தானே வர்றாங்க!”

“எல்லாரும் அழல மேடம்” என்றார் டாக்டர். “போன வருஷம் மெதுவா பாடற இடத்துல ஒருத்தர் குறட்டை விட்டார். கமிட்டியில புகார் வந்துச்சு.”

“யாரு அந்த எருமை?”

டாக்டர் கைகளைக் கழுவப் போய்விட்டார். சின்னப் பாட்டுதான் சொன்னாள்: “எங்க அண்ணன்தான்.”

கழுவின கையைத் துடைத்துக்கொண்டே டாக்டர் ஒரு தீர்ப்பு சொன்னார். இந்த ஒரு வருடம் மாற்றிப் பார்ப்போம். எந்தக் கச்சேரிக்குக் கூட்டம் நெரிகிறதோ, அந்தப் பாட்டுக்காரிக்கே அடுத்த வருடத்திலிருந்து ராத்திரி, நிரந்தரமாக. பெரிய பாட்டு தாடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வீங்கிய கன்னத்தோடு எங்கள் எல்லாரையும் பார்த்து, “சிரிக்கிறவங்க சிரிங்க. ராத்திரி என்னோடது” என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் பல் அவரவருக்கு வலித்தது.

சபதம் போடுவது சுலபம். ஆனால் அவளுடைய காலைக் குரல் எப்படிப்பட்டது என்று தெருவுக்கே தெரியும். மதியச் சாப்பாடு உள்ளே போகும் வரை அவளுக்குக் குரலே கிடையாது. இரும்புக் கட்டிலைத் தரையில் இழுக்கிற சத்தம்தான் வரும். காலையில் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால், அவளை அவள் வீட்டுக்காரர் என்று நினைத்து, “சார், கண்ணாடி தயாரா?” என்று கேட்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவள் கோபத்தில், “ரெடி, வந்து வாங்கிக்கங்க” என்று சொல்லிவிடுவாள். அவருக்குத்தான் கடையில் ஏச்சு.

இந்தக் குரலோடு பதினோரு மணிக்கு ஓடையும் வசந்தமும் பாடினால் ஓடை வற்றிப்போகும். மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் அவள் வீட்டு ஜன்னலெல்லாம் கறுப்புத் திரை ஏறியது. யாருக்கு என்னவோ ஏதோ என்று கையோடு ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் போனேன். போன பிறகுதான் விஷயம் விளங்கியது. காலத்தோடு குரலை மாற்ற முடியாது என்பதால், குரலோடு காலத்தை மாற்றிக்கொள்ள முடிவு செய்திருந்தாள்.

அதாவது, சாயங்காலம் ஆவதற்கு முன்பே படுத்துவிடுவாள். ஊரெல்லாம் படுக்கிற நேரத்தில் எழுந்து பல் தேய்ப்பாள். அவளுக்கு நடுநிசியில் காலைப் பலகாரம், விடிவதற்கு முன் மதியச் சாப்பாடு, சூரியன் வந்தால் விளக்கு வைக்கிற நேரம். இப்படி ஒரு மாதம் பழகிவிட்டால், கச்சேரி நாளன்று பதினோரு மணி என்பது அவள் உடம்புக்கு நல்ல ராத்திரியாகிவிடும். குரல் தேன் மாதிரி இறங்கும். கணக்கு சரிதான். ஆனால் அந்த வீட்டில் அவள் தனியாகவா இருந்தாள்?

“ஏம்மா, காலங்காத்தால எனக்கு ராச்சாப்பாடு போடறியே. இத முழுங்கிட்டு நான் கடையில உக்காந்தா தூக்கம் வராதா?” என்று வீட்டுக்காரர் கேட்டது எங்கள் சமையலறை வரை கேட்டது.

“உங்களுக்கு எப்ப போட்டாலும் தூக்கம்தான் வரும். அதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே.”

குறட்டை விஷயத்தில் அவருக்குத் தண்டனை முடியவில்லை. சூரிய வெளிச்சத்தில் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, “நல்லாத் தூங்கும்மா” என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அப்போதுதான் உடம்பு நம்புமாம். சொல்ல மறந்து போய்விட்டால் தெருமுனையிலிருந்து திரும்பி வருவார்.

அவளோ ஊர் தூங்குகிற நேரத்தில் முகம் கழுவி, பொட்டு வைத்து, கைப்பையை மாட்டிக்கொண்டு உலா போவாள். போக இடம் வேண்டுமே? விழித்திருந்தது பின் சந்து பேக்கரி ஒன்றுதான். விடியலுக்குள் ஊர் முழுக்க ரொட்டி அனுப்ப வேண்டும் என்பதால் அங்கே ராத்திரிதான் வேலை. பேக்கரித் தலைவி ஆறடி உயரம். மாவுப் பலகையை ஒற்றைக் கையால் தூக்குவாள், சிரித்தால் அடுப்புக்கதவு திறந்த மாதிரி இருக்கும்.

“என்னக்கா, தூக்கம் வரலியா?” என்று முதல் நாள் கேட்டாளாம்.

“இப்பதாம்மா எழுந்தேன்.”

“எங்கள மாதிரியா! வாங்க, வாங்க, வெந்நீர் குடிங்க.”

அன்றிலிருந்து பெரிய பாட்டு சாதகம் செய்வது மாவு மூட்டைகளுக்கு நடுவில். ‘ஆ’ என்று அவள் ஏறினால் பத்துப் பேர் மாவு பிசைகிற கை அதே தாளத்தில் ஏறும். அந்த மாதம் எங்கள் ஊரில் ரொட்டி என்றைக்கும் இல்லாத அளவு உப்பியிருந்தது. இதை நான் சொல்லவில்லை, தின்றவர்கள் சொன்னார்கள்.

இதில் உண்மையாக நசுங்கியது பியானோக்காரர். பெரிய பாட்டுக்கு விடிவதற்கு முன் ஒத்திகை, சின்னப் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு. அவருக்கு நாற்பது வயது, கல்யாணமாகவில்லை, எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. இரண்டு ஒத்திகைக்கும் நடுவில் வீட்டுக்குப் போக நேரமில்லாமல் பேக்கரி மாவு மூட்டை மேல் சாய்ந்துவிடுவார். எழுந்து வரும்போது முதுகெல்லாம் வெள்ளை. பேக்கரித் தலைவி அவர் கையில் சூடாக ஒரு ரொட்டியை வைத்து, முதுகைத் தட்டி அனுப்புவாள். முதுகில் மாவு இல்லாத நாட்களிலும் தட்டியதை நான் பார்த்தேன். பால்கனியிலிருந்து அந்தச் சந்து நன்றாகத் தெரியும்.

சின்னப் பாட்டு எதுவும் செய்யவில்லை. கறுப்பு கவுன் மட்டும் தைத்துக்கொண்டாள்.

“நீயும் கொஞ்சம் முழிச்சிருந்து பழகேன்டி” என்று நானே சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளோடு தூங்கிக் குழந்தைகளோடு எழுகிறவள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவளிடம் என்ன கேட்டாலும் ‘ம்’ என்றுதான் பதில் வரும்.

“அதெல்லாம் மேடையேறினா தூக்கம் ஓடிரும் அக்கா. ஆயிரம் தடவ பாத்திருக்கேன்.”

“பகல் மேடையில பாத்திருக்கே.”

“மேடை மேடைதானே?”

எனக்கென்ன, சொல்லிவிட்டேன்.

கச்சேரி நாள் வந்தது. பதினோரு மணிக்கு இசைக்கூடத்தில் முதல் வரிசையில் நான். எப்போதும் வருகிற ஓய்வு பெற்றவர்கள், குழந்தைக்காரிகள், அரை கூடம். சரிதான், பெரிய பாட்டு தோற்றாள் என்று நினைத்தேன். அப்போது பின் கதவு திறந்து பேக்கரிக்காரர்கள் வந்தார்கள், தலைமுடியெல்லாம் மாவோடு. அவர்களுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி நர்சுகள். பிறகு இரவுக் காவலாளிகள், இடுப்பில் டார்ச் விளக்கோடு. கடைசிப் பேருந்து ஓட்டுகிறவர்கள், தொழிற்சாலை இரவு வேலைக்காரர்கள். ஒரு மாதமாக ரொட்டி போன இடமெல்லாம் பேக்கரித் தலைவி செய்தியும் அனுப்பியிருந்தாள். வேலை முடித்து வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டிய ஜனங்கள். அவர்களுக்கு அதுதான் ராத்திரி. இத்தனை வருட விழாவில் அவர்கள் தூங்கப் போகும் நேரத்துக்கு யாரும் ராத்திரிப் பாட்டுப் பாடியதில்லை. ராத்திரிக் கச்சேரி நேரத்தில் அவர்கள் வேலையில் இருப்பார்கள்.

நாற்காலி போதவில்லை. டாக்டர் ஓடிப்போய்த் தன் காத்திருப்பு அறை நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டார். அதுவும் போதாமல் ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்தார்கள்.

பெரிய பாட்டு வந்தாள். கறுப்புச் சேலை. “திரையெல்லாம் மூடுங்க” என்றாள். ஒரு விளக்கு வைத்தார்கள். பறவையும் ஓடையும் போன இடம் தெரியவில்லை. நேரே நிலாவுக்குப் போய்விட்டாள். அந்தக் குரலை என்னவென்று சொல்ல? நானும் வருடக்கணக்கில் ராத்திரிக் கச்சேரி கேட்டவள், இப்படிக் கேட்டதில்லை. பேக்கரிக்காரர்கள் அழுத அழுகையில் முகத்து மாவெல்லாம் குழைந்து போயிற்று. குழந்தைகள் வரிசையாகத் தூங்கின. முடிந்ததும் ஒரு காவலாளி எழுந்து, “இன்னொண்ணு பாடுங்கம்மா, வீட்டுக்குப் போனா தூக்கம் வராது” என்றார். டாக்டர் பின்னால் நின்று நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டக் கணக்கில் பாதி வெற்றி அவளுக்கு அப்போதே வந்துவிட்டது. இனி ராத்திரிக்குச் சின்னப் பாட்டு எத்தனை பேரைச் சேர்க்கிறாள் என்பதுதான் பாக்கி. பெரிய பாட்டு வீட்டுக்குப் போய், நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தாள்.

ராத்திரியும் கூடம் நிறைந்துதான் இருந்தது. நாத்தனாரும் அண்ணியும் போட்ட சண்டை ஊரெல்லாம் பரவியிருந்தது. யாரோ நன்றாகப் பரப்பியிருந்தார்கள். சின்னப் பாட்டு கறுப்பு கவுனில் வந்து நின்றபோது, சும்மா சொல்லக்கூடாது, லட்சணமாக இருந்தாள். முதல் பாட்டு அருமை. இரண்டாவதும் குறையில்லை. மூன்றாவது பாட்டில் ஒரு நீண்ட கார்வை, ஒரே சுரத்தில் மூச்சுப் பிடித்து நிற்க வேண்டும். வாயைத் திறந்தாள், சுரம் வந்தது, நின்றது, பிறகு வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது.

கொட்டாவி. சாதாரணக் கொட்டாவி இல்லை, கண்ணில் நீர் கோக்கிற கொட்டாவி.

கொட்டாவிக்கு ஒட்டுகிற குணம் உண்டல்லவா? முன் வரிசையில் நாங்கள் திறந்தோம், அடுத்த வரிசை திறந்தது, அப்படியே கடைசி வரிசை வரை காற்றடித்த வயல் மாதிரி போயிற்று. பியானோக்காரரும் விட்டார், கை மட்டும் வாசித்தது. டாக்டர் ஒருவர்தான் கொட்டாவி விடவில்லை. முன்னால் குனிந்து உற்றுப் பார்த்து, “கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை” என்று என் காதில் சொன்னார்.

சின்னப் பாட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தாள். பியானோ மேல் ஒரு கையை ஊன்றினாள். பிறகு கன்னத்தை ஊன்றினாள். அவ்வளவுதான். அண்ணனுக்கு ஏற்ற தங்கை என்பது அடுத்த நிமிடம் கூடம் முழுக்கக் கேட்டது.

டாக்டர் எழுந்து ஓடினார். நானும் ஓடினேன், வயதான மனிதர் இருட்டில் தனியாக ஓடக்கூடாது. பெரிய பாட்டு வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து, “யாரு?” என்று ஒரு கனத்த குரல்.

“சார், மேடத்தக் கொஞ்சம் எழுப்புங்க!”

“மேடம்தான் பேசறேன்.”

அப்போதுதான் எழுந்திருக்கிறாள். அவளுக்கு அது விடியற்காலை. கையில் பல்துலக்கி, தலை குருவிக்கூடு, தொண்டையில் இரும்புக் கட்டில்.

“மேடம், கூடம் நெறஞ்சிருக்கு, பாட ஆளில்ல. இப்ப வந்து பாடிட்டீங்கன்னா கூட்டக் கணக்கெல்லாம் வேணாம். ராத்திரி உங்களோடதுதான், நான் கமிட்டிக்குச் சொல்லிக்கறேன்.” இந்த ஒரு முறை அவள் வாயில் பஞ்சு இல்லாதபோதே சொல்லிவிட்டார். பாவம், அவ்வளவு அவசரம்.

வீட்டுக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏம்மா, இந்தக் குரலோடயா? பகல்ல வாங்கின பேரும் போயிருமே. பேசாம கதவச் சாத்தும்மா. கணக்குப் பாத்தா நீதான் ஜெயிச்சிருக்கே.”

அவள் கதவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். போனால் மானம் போகலாம். போகாவிட்டால், அவளுடைய ராத்திரி மேடையில் இன்னொருத்தி குறட்டை விட்டதோடு கச்சேரி முடிந்தது என்று ஆகும். “குரல் கெடக்குதுங்க. என் மேடை காலியா இருக்குன்னு வந்து சொல்றாங்க, நான் இங்க நின்னு பல்லு தேச்சிட்டிருக்கவா?” என்று வீட்டு உடை மேல் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, காலுக்கு ஒரு செருப்பாக மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மேடையேறியதும், “வணக்கம்” என்றாள். கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பியானோக்காரர் அந்த ஒரு வார்த்தையிலேயே நிலைமையைப் புரிந்துகொண்டார். தூங்குகிற சின்னப் பாட்டை அலுங்காமல் பியானோ மேலேயே விட்டுவிட்டு, சுருதியை இறக்கினார். இன்னும் இறக்கினார். பியானோவின் இடக்கைப் பக்கம் கட்டை தீர்ந்துவிடுமோ என்று பயந்தேன்.

இருட்டில் படகோட்டுகிறவனை ஆறு கூப்பிடுகிற பாட்டு. எத்தனையோ வருடமாக அதை அவள் குயில் மாதிரி பாடிக் கேட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் ஆறே கூப்பிட்டது. கரகரவென்று, அடியாழத்திலிருந்து, கல்லை உருட்டிக்கொண்டு. எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. என் பின்னால் இருந்தவர், “ஐயோ, போகாதடா” என்று படகோட்டிக்குச் சத்தம் போட்டுச் சொன்னார். முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை, பயத்தில். பிறகு கூரை போகிற மாதிரி தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கும் சின்னப் பாட்டு எழவில்லை.

விடிந்த பிறகு, பியானோவை மூடுகிற துணியைப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணி, நான் எத்தனை பாட்டு பாடினேன்?”

“ரெண்டரை.”

“நல்லா இருந்துச்சா?”

“ரெண்டு நல்லா இருந்துச்சு. அரையில உன் கடைவாய்ப் பல்லுதான் தெரிஞ்சுது. போயி டாக்டர்கிட்ட காட்டு. ஆனா அவர் என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டாத.”

பத்திரிகையில், ‘இத்தனை ஆண்டுகள் இந்த ஆழத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தார்?’ என்று எழுதினார்கள். படுக்கையில்தான் என்று எனக்குத் தெரியும். என்னை யார் கேட்டார்கள்? ராத்திரிக் கச்சேரி நிரந்தரமாகப் பெரிய பாட்டுக்கு என்று கமிட்டி முடிவு செய்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: அதே குரல் வேண்டும். ஆக, பாவம், அவள் ஒவ்வொரு வருடமும் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கறுப்புத் திரை போட்டு, காலத்தைத் திருப்பி, ராத்திரி மேடைக்குத் தூங்கி எழுந்த முகத்தோடு போகிறாள். பகல் கச்சேரியும் இப்போது அவளுக்கே; தேன் குரல் அந்தப் பதினோரு மணிக்கு வருகிற பேக்கரிக்காரர்களுக்குத்தான். ஆசைப்பட்ட ராத்திரி கிடைத்துவிட்டது, குரல்தான் பகலுக்குக் குடிபோய்விட்டது என்று அவளே என்னிடம் சொல்லி, கட்டிலை இழுக்கிற மாதிரி சிரித்தாள்.

பியானோக்காரர் பேக்கரித் தலைவியைக் கட்டிக்கொண்டார். அவள் கேட்டாள், இவருக்குத்தான் இல்லை என்று சொல்லத் தெரியாதே. இந்த ஒரு விஷயத்தில் தெரியாமல் இருந்ததே நல்லது. இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடிக்காரர் விழா மாதத்தில் மட்டும் மாடி அறைக்குக் குடிபோகிறார். மனைவியைப் படிக்கட்டில்தான் சந்திப்பாராம். இருவரும் இவ்வளவு சுமுகமாக என்றைக்கும் இருந்ததில்லை. சின்னப் பாட்டு பல்லை அடைத்துக்கொண்டு, வேலையை மாற்றிக்கொண்டு, ஒரு மலையூருக்குப் போய்விட்டாள். அங்கே இருட்டினால் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காதாம். பிறகு அந்த ஊர் வாத்தியார் ஒருவரோடு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதராம், ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவாராம்.